பெரியப்பாவின் யூரியா அறிக்கை: குடும்பக் குழுவில் பேசியது

தம்பி: அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் இரத்தப் பரிசோதனையில் யூரியா 186, கிரியாட்டினின் 9.4 என வந்திருக்கிறது. டயாலிசிஸ் (சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். ஒருமுறை தொடங்கினால் ஆயுளுக்கும் விடாது என்று அப்பா மறுக்கிறார்.

அத்தை: அண்ணனுக்குச் சிறுநீர் நன்றாகத்தானே போகிறது? குமட்டலும் உடம்பு அரிப்பும் பித்தத்தால் வந்தவையாக இருக்கலாமே?

அக்கா (செவிலியர்): சிறுநீரின் அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, அத்தை. நீர் வெளியேறினாலும், நாம் உண்ணும் புரதத்திலிருந்து உண்டாகும் யூரியாவையும் தசைகளிலிருந்து வரும் கிரியாட்டினினையும் வடிகட்டும் திறன் குறைந்துவிட்டால், அவை இரத்தத்திலேயே தேங்கிவிடும். அந்த நிலையில் பசி போகும், வாயில் உலோகச் சுவை தெரியும், அரிப்பு, விக்கல், பகல் தூக்கம் எல்லாம் வரும். முற்றினால் நினைவு தடுமாறும், இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலும் அழற்சி ஏற்படலாம்.

மாமா: இளநீரும் நெருஞ்சில் கஷாயமும் கொடுத்துப் பார்க்கலாமா?

அக்கா: வேண்டவே வேண்டாம், மாமா. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயத் துடிப்பே நின்றுபோகக்கூடும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதிலும் பொட்டாசியம் சேர்த்திருப்பதால் அதையும் தவிர்த்துவிடுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாக வாங்கும் மாத்திரைகளும், மருத்துவருக்குத் தெரியாத கஷாயமும் கூடாது.

பெரியப்பா: எனக்கு நேராகவே சொல்லம்மா. தொடங்கினால் நிறுத்தவே முடியாதுதானே?

அக்கா: பெரியப்பா, நீரிழப்பாலோ, நோய்த்தொற்றாலோ, மருந்தாலோ சிறுநீரகம் திடீரெனப் பழுதாகியிருந்தால், அது தேறும் வரை சில வாரங்கள் செய்து நிறுத்தியவர்கள் பலர் உண்டு. நாள்பட்ட சர்க்கரை நோயால் சுருங்கியிருந்தால் தொடரத்தான் வேண்டும், ஆனால் அந்த நிலைமைக்குக் காரணம் சிறுநீரகம் செயலிழந்தது, டயாலிசிஸ் அல்ல. எது உங்களுடையது என்பது ஸ்கேனிலும் பழைய அறிக்கைகளிலும் தெரியவரும். தொடர வேண்டியிருந்தால் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பதிவையும் அப்போதே பேசிவிடலாம். இந்த உடல்நிலையில் நாள் கடத்துவது எனக்கு மிகுந்த அச்சத்தைத் தருகிறது, பெரியப்பா.

பெரியப்பா: சரியம்மா. ஸ்கேன் எடுத்துவிட்டு மருத்துவர் சொல்வதைக் கேட்கிறேன்.

அக்கா: தம்பி, இன்றே கிளம்புங்கள். பழைய அறிக்கைகள், உண்ணும் மாத்திரைகள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை மூன்றையும் எடுத்துச் செல். அப்பாவின் இடது கையில் ஊசி போட வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள். பின்னால் ஃபிஸ்டுலா வைக்க, அதாவது டயாலிசிஸுக்காகக் கையின் தமனியையும் சிரையையும் இணைக்க, அந்த இரத்தக் குழாய்கள் தேவைப்படலாம்.

தம்பி: சரி, அக்கா. ஒன்பது மணிக்குப் புறப்படுகிறோம். ஸ்கேன் முடிவை இங்கேயே அனுப்புகிறேன்.