காலை ஸ்டார்ட்டில் உதறல், பெட்ரோல் வாசம்: நான்கு இன்ஜெக்டரையும் மாற்றத்தான் வேண்டுமா?

இரவுச்சாலை:
நண்பர்களே, என்னுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். எம்பிஎஃப்ஐ வகை, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் தனித்தனி; அவை காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கின்றன. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் நீளமாக ஓடுகிறது. பிடித்ததும் சில விநாடிகள் வண்டியே உதறுகிறது, சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாசம் குப்பென்று அடிக்கிறது. அப்புறம் ஓரளவு அடங்கிவிடும், ஐடிலில் மட்டும் லேசான நடுக்கம் இருக்கும். ஓட்டும்போது பிக்கப்பில் குறை தெரியவில்லை. நன்றாக ஓட்டிச் சூடான பிறகு ஒரு மணி நேரம் நிறுத்தி எடுத்தாலும் இதே கதைதான்.

ஸ்கேனரில் பி0303 கோட் வருகிறது, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியாக எரியவில்லை). லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் (இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடும் சதவீதம்) ஐடிலில் மைனஸ் 9, ஆர்பிஎம் 2500-இல் பிடித்தால் மைனஸ் 1 அல்லது 2. மூன்றாவது பிளக் கறுத்து ஈரமாக இருந்தது, மற்ற மூன்றும் இளம் பழுப்பு. பார்த்த மெக்கானிக், நான்கு இன்ஜெக்டரும் அடைத்துவிட்டது, செட்டாக மாற்றிவிடலாம் என்கிறார். சரிதானா?

நாலாவது கியர்:
முதலில் மூன்றாவது சிலிண்டரின் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) இரண்டாவதோடு மாற்றிப் போடுங்கள், ஸ்கேனரில் அந்த எரர் கோட்-ஐ அழித்துவிட்டு மறுநாள் காலை ஸ்டார்ட் செய்து பாருங்கள். பி0302 (இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்) வந்தால் கோளாறு காயிலில். பி0303-ஏ திரும்ப வந்தால் காயிலை விட்டுவிடலாம். பிளக்கையும் இதே மாதிரி இடம் மாற்றிப் பார்க்கலாம். காசே செலவாகாத சோதனை.

ஸ்பேனர் பெட்டி:
காயில் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் எண்களே பாதி பதிலைச் சொல்லிவிட்டன.

அடைத்த இன்ஜெக்டர் பெட்ரோலைக் குறைவாகத்தான் விடும். கலவை லீன் ஆகும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாது), புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சார் அதைப் பார்த்து ஈசியு-விடம் சொல்லும், ட்ரிம் பிளஸ் பக்கம் ஏறும். பிளக்கும் வெளுத்துப்போகும். உங்களுடையது நேர் எதிர்: ட்ரிம் மைனஸ், பிளக் கறுப்பு. பெட்ரோல் கூடுதலாக வருகிறது. அதனால் அடைப்பு என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

காயில் மேலும் எனக்குச் சந்தேகம் குறைவுதான். ஸ்பார்க் விழாத சிலிண்டரில் பெட்ரோல் மட்டுமல்ல, ஆக்சிஜனும் எரியாமல் வெளியே போகிறது. ஓ2 சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன்தான் தெரியும். அதை லீன் என்று எடுத்துக்கொண்டு ட்ரிமை பிளஸ் பக்கம் தள்ளும். மிஸ்ஸிங்கோடு பிளஸ் ட்ரிம் வந்தவுடனே இன்ஜெக்டரைக் கழற்றிப் போடுகிற பலர் கவனிக்காமல் விடும் இடம் இது.

ஐடிலில் மைனஸ் 9, 2500-இல் ஏறக்குறைய பூஜ்யம் என்பது முக்கியமான துப்பு. ஐடிலில் இன்ஜின் குடிக்கும் பெட்ரோலே கொஞ்சம், அதில் ஒரு சிறு கசிவு சேர்ந்தாலும் பெரிய பங்காகத் தெரியும். ஆர்பிஎம் ஏறினால் அதே கசிவு கரைந்துவிடும். டாங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றாலும், ஃப்யூயல் பிரஷர் கூடினாலும் இப்படி மைனஸ் வரலாம். ஆனால் அவை நான்கு பிளக்கையுமே கறுக்க வைக்கும். உங்களுக்குக் கறுத்தது ஒன்று மட்டும்.

என் கணிப்பு: மூன்றாவது இன்ஜெக்டர் முழுசாக மூடவில்லை. நிறுத்திய பிறகும் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) பிரஷர் நிற்கும், அந்த ஒரு நுனி வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். நீளமான செல்ஃபுக்கும் வாசத்துக்கும் அதுவே காரணம்.

மல்டிமீட்டரில் ஓம்ஸ் பார்த்து இன்ஜெக்டர் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த வகை இன்ஜெக்டரில் பொதுவாக 12 முதல் 16 ஓம்ஸ் காட்டும். அது உள்ளே இருக்கும் வைண்டிங் நல்லது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்கும் டிக்டிக் சத்தமும் அப்படித்தான், உள்ளே திறந்து மூடும் ஊசி அசைகிறது என்று சொல்லும், ஒழுங்காக மூடுகிறதா என்று சொல்லாது.

நேரில் பார்த்துவிடுங்கள். இன்ஜின் நன்றாக ஆறட்டும். பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிப் பிரஷரை இறக்குங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ரெயிலை இன்ஜெக்டர்களோடு சேர்த்தே தூக்குங்கள். இன்ஜெக்டர்களைக் கம்பியால் ரெயிலோடு கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரஷர் ஏறும்போது தெறித்து வெளியே வரும். காயில் கனெக்டர்களும் இன்ஜெக்டர் கனெக்டர்களும் கழன்றே இருக்கட்டும். ஒவ்வொரு நுனிக்கும் கீழே வெள்ளைத் தாள் வையுங்கள். ஃப்யூஸையும் பேட்டரியையும் மாட்டிச் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், செல்ஃப் அடிக்கவே கூடாது. பம்ப் ஓடி நிற்கும். பிறகு தாளைப் பாருங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். டைரக்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் தெளிக்கும்) வண்டியிலும் டீசலிலும் இப்படிச் செய்யவே கூடாது, அங்கே பிரஷர் ஆளையே காயப்படுத்தும்.

நிதானம்:
ஒன்று சேர்க்கிறேன். ராத்திரி நின்று காலையில் ஒரு சிலிண்டர் மட்டும் உதறினால் ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் இறங்குவதும் காரணமாகலாம். அப்போது பிளக் கழுவிவிட்டது போல் சுத்தமாக இருக்கும், கூலன்ட் அளவும் குறையும். உங்கள் பிளக் கறுப்பு என்பதால் வாய்ப்பு குறைவு. இருந்தாலும் ரிசர்வாயர் டேங்கில் அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுச்சாலை:
கூலன்ட் அசையவில்லை. காயில் மாற்றிப் போட்டும் பி0303-தான். ரெயிலைத் தூக்கித் தாள் வைத்தேன். பம்ப் நின்ற கொஞ்ச நேரத்தில் மூன்றாவது நுனியில் ஒரு முத்து திரண்டது, விழுந்தது, மறுபடி திரண்டது. மற்ற மூன்று தாளும் காய்ந்தே இருந்தன. ஸ்பேனர் பெட்டி ஐயா, மிகவும் நன்றி. இனி சுத்தம் செய்து பார்ப்பதா, மாற்றுவதா?

ஸ்பேனர் பெட்டி:
நான்கையும் அல்ட்ராசோனிக் கிளீனிங்கும் ஃப்ளோ டெஸ்டும் (ஒவ்வொன்றும் எவ்வளவு விடுகிறது என்ற சோதனை) செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். டாங்கில் ஊற்றும் கிளீனர் இந்த அளவுக் கசிவை நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஊசி உட்காரும் இடத்தில் படிந்த கசடுதான் காரணம் என்றால் சுத்தம் செய்ததும் சொட்டு நிற்கும். அந்த இடமே தேய்ந்திருந்தால் நிற்காது, மூன்றாவதை மட்டும் மாற்றுங்கள். மற்றவற்றின் ஃப்ளோ ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் செட்டாக வாங்கத் தேவையே இல்லை. புது இன்ஜெக்டர் அதே பார்ட் நம்பரில் இருக்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போது ஓ-ரிங் எல்லாம் புதிது, மேலே துளி இன்ஜின் ஆயில் தடவி அழுத்துங்கள். அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். இத்தனை நாள் சொட்டிய பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கும். வாசம் வந்தாலோ அளவு ஏறியிருந்தாலோ, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு வண்டியை எடுங்கள்.