கார் இன்சூரன்ஸ்: ஏஜென்ட்டிடம் எடுத்தவர்கள் அனுபவம்

முடிச்சூர்வாசி:
2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், காரில் சீட் வரை நனைந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்க அப்பா கிளம்பினார். அதற்குள் ஏஜென்ட் அண்ணனே போன் செய்துவிட்டார். "சார், சாவியைத் தொடாதீங்க. ஸ்டார்ட் பண்ணா தண்ணி இன்ஜின் உள்ள போயிடும், அப்புறம் க்ளெய்ம்ல தகராறு வரும். நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க, டோயிங் வண்டிக்கு நான் சொல்றேன்."

முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதத்துக்குப் பணம் உண்டு. ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், அது பின்விளைவு என்று பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். அதற்கு இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாக எடுக்க வேண்டும். அடையாற்றுப் பக்கம் வீடு, 2015 வெள்ளத்தில் என்ன நடந்தது என்று பார்த்தோமே என்று சொல்லி, அதைச் சேர்க்க வைத்தவரும் அவர்தான். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்த அன்று ஒர்க்‌ஷாப்பில் கூடவே நின்றார். ஆன்லைனில் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், தெரியும். அந்த வித்தியாசத்தை நான் மனதாரக் கொடுக்கிறேன்.

மதுரைக்காரன்:
உங்களுக்கு நல்லவர் அமைந்தார். என் மச்சானுக்கு நடந்தது வேறு. பழைய கார் வாங்கினான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இருந்த ஒருவர், பழைய ஓனர் க்ளெய்ம் கேட்காமல் இருந்ததற்காக அவருக்குக் கிடைத்த 50 சதவீதத் தள்ளுபடியை, அதாவது நோ க்ளெய்ம் போனஸை, அப்படியே கழித்து பாலிசி போட்டுக் கொடுத்தார். பிரீமியம் குறைவு என்று இவனுக்குச் சந்தோஷம். அந்த போனஸ் வண்டியோடு வராது, விற்றவரோடு போய்விடும் என்பது ஏஜென்ட்டுக்குத் தெரியாமலா இருக்கும்? வண்டி இடிபட்டபோது கம்பெனி அதையே பிடித்துக்கொண்டு க்ளெய்மை மறுத்துவிட்டது. ஏஜென்ட் போனே எடுக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய வண்டி வாங்குபவர்கள், பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். பாலிசி கையில் வந்ததும் நோ க்ளெய்ம் போனஸ் என்ற இடத்தில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்குச் சேராதது அதில் இருந்தால் உடனே எழுத்தில் கொடுத்துத் திருத்தி, வித்தியாசப் பணத்தைக் கட்டிவிடுங்கள்.

முடிச்சூர்வாசி:
சரியாகச் சொன்னீர்கள். பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதிது வாங்குகிறவர்கள் அந்த போனஸுக்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். புது வண்டியின் பாலிசியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். எங்கள் ஏஜென்ட் அண்ணன் அதையும் அவரே வாங்கித் தருகிறார்.