அப்பாவின் கூலிப் பட்டியலில் பெயர்கள் மட்டும் கிறுக்கலாகத் தெரிகின்றன: உதவி தேவை

தறிவீடு, குடியாத்தம்

வணக்கம். என் அப்பா கைத்தறி லுங்கி நெய்யக் கொடுத்து வாங்குகிறார். பாவு கொடுத்த தேதி, திரும்பி வந்த உருப்படி, கூலி, முன்பணம் எல்லாம் 2004 முதல் எக்செல் கோப்புகளில் இருக்கின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபோது, கடைக்காரர் புதுக் கணினி வாங்கச் சொன்னார். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய பெட்டியை ஒதுக்க மனம் வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை நிறுவினேன். முன்பைவிட வேகமாக ஓடுகிறது.

ஆனால் அந்தக் கோப்புகளை லிப்ரே ஆபீஸின் விரிதாள் நிரலான கால்க்கில் திறந்தால் எண்கள் சரியாக இருக்கின்றன, நெசவாளர் பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்தும் மேற்கோள் குறியுமாக வருகின்றன. நோட்டோ, லோஹித் என்று எழுத்துருவை மாற்றியும் பயனில்லை. கோப்பே கெட்டுவிட்டதா? ஒரு பெயர் தொலைந்தாலும் ஒரு வீட்டுக்குக் கூலி நின்றுபோகும். பயமாக இருக்கிறது.

காட்பாடிக்காரன்

கோப்பு கெடவில்லை, அம்மா. அப்பா பயன்படுத்திய பழைய தமிழ் எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் வட்டின் நகல் இருந்தால் அதில் ஃபான்ட்ஸ் கோப்புறையில் அந்த எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பு கிடைக்கும். மின்ட்டில் உங்கள் இல்லக் (ஹோம்) கோப்புறைக்குள், .fonts என்று புள்ளியில் தொடங்கும் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதில் போடுங்கள். லிப்ரே ஆபீஸை மூடித் திறங்கள்.

தறிவீடு, குடியாத்தம்

பெயர்கள் வந்துவிட்டன! மிக்க நன்றி, அண்ணா. ஆனால் முருகன் என்று தட்டித் தேடினால் ஒரு முருகனும் கிடைக்கவில்லை. அகரவரிசைப்படுத்தினால் வரிசை குலைந்து வருகிறது.

ஆரணிப் பட்டு

இனிதான் உண்மையான வேலை இருக்கிறது, தங்கையே. எங்கள் பட்டுக் கணக்கில் இதே பாட்டைப் பட்டவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தக் கோப்பில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள்தான் இருக்கின்றன. பழைய எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டியது. 256 இடங்களுக்குள் தமிழை அடக்க வேண்டியிருந்த காலம் அது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதில் டாம், டேப், டிஸ்கி, பாமினி என்று ஆளுக்கொரு அடுக்கு. நீங்கள் இப்போது தட்டும் முருகன், எல்லா மொழிகளுக்கும் பொதுவான எண்முறையான யூனிகோடில் இருக்கிறார். கோப்பில் இருப்பவர் வேறு எண்களில் இருக்கிறார். அதனால்தான் இருவரும் சந்திப்பதில்லை.

‘கண்டுபிடி, மாற்று’ வழியில் ஒவ்வொரு எழுத்தாக மாற்ற முயலாதீர்கள். நான் இரண்டு இரவு அதில் கழித்தேன். பழைய முறையில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி அடுத்து. எழுத்தை மாற்றினால் போதாது, இடத்தையும் மாற்ற வேண்டும். அதை மாற்றி நிரல்தான் செய்யும்.

ஓப்பன் தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நிரலகத்தில் இந்த மாற்றிகள் இருக்கின்றன. பைத்தான் தெரிந்த பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் பிற்பகல் வேலை. இணையத்தில் ஒட்டி மாற்றும் பக்கங்களும் உண்டு. அவற்றில் நெசவாளர்களின் வங்கிக் கணக்கு எண்ணையோ ஆதாரையோ ஒட்டாதீர்கள். அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை அவை.

மூலக் கோப்பை நகலெடுத்துப் பென் டிரைவில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பெயர்ப் பத்தியை மட்டும் மாற்றுங்கள். எண்களையும் ஆங்கிலத்தையும் மாற்றிக்குள் விட்டால் அவையும் சிதையக்கூடும். பழைய பத்தியை அழிக்காமல் பக்கத்திலேயே புதிய பத்தியை வையுங்கள். வரிகளின் எண்ணிக்கையும் மொத்தக் கூலியும் முன்பு இருந்ததோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ராணிப்பேட்டை

இவ்வளவு எதற்கு? இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பழைய விண்டோஸிலேயே கணக்கை வைத்துக்கொள்ளலாமே.

ஆரணிப் பட்டு

ஐயா, பழையதைப் பார்ப்பதற்கு அது போதும். வட்டு ஒரு நாள் நின்றுபோனால் எழுத்துருவும் போகும், பெயர்களும் போகும். யூனிகோடில் மாற்றிய பட்டியலைக் கைப்பேசியிலும் திறக்கலாம், எந்தக் கணினியிலும் திறக்கலாம். மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது எனக்கு இரண்டாம் பட்சம். இருபது ஆண்டு உழைப்பின் கணக்கு ஒரே ஒரு எழுத்துருவை நம்பி இருக்கக் கூடாது.

தறிவீடு, குடியாத்தம்

மாற்றிவிட்டோம். சித்தி மகன் உதவினான். மொத்தம் பொருந்துகிறது. ஆனால் வரிசைப்படுத்தியபோது கோவிந்தம்மாள் இரண்டு இடத்தில் வருகிறார். எங்களிடம் நெய்பவர் ஒருவர்தான். மேலும், அப்பாவுக்குத் தட்டச்சுப் பொறி விசையமைப்புதான் கைப்பழக்கம், தமிழ்99 விசையமைப்பு வரவில்லை.

ஆரணிப் பட்டு

இரண்டில் ஒன்றை உற்றுப் பாருங்கள். ‘கோ’வில் கால் இருக்கிறதா, ‘ர’ இருக்கிறதா? பழைய எழுத்துருவில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் கைக்கு வந்ததைத் தட்டியிருப்பார்கள். மாற்றி அதை ‘கேரவிந்தம்மாள்’ என்று உண்மையாகவே எழுதிவிடும். அப்பாவை உட்கார வைத்துப் பட்டியலை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர்களை அவரைவிட அறிந்தவர் இல்லை.

விசைப்பலகைக்கு, தமிழில் தட்ட உதவும் ஐபஸ் நிரலையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவுங்கள். தமிழ்99, தட்டச்சு இரண்டும் அதில் இருக்கின்றன. அவர் கையை மாற்ற வேண்டியதில்லை. உள்ளே யூனிகோடாகவே சேரும்.

இன்னொன்று: அச்சில் எழுத்தளவு மாறாவிட்டால், லிப்ரே ஆபீஸின் பாணி அமைப்பில் மேற்கத்திய எழுத்துருவுக்குக் கீழே சிக்கலான எழுத்துமுறைக்கென்று தனி இடம் இருக்கும். தமிழுக்கு அளவை அங்கேதான் தர வேண்டும்.

தறிவீடு, குடியாத்தம்

நீங்கள் சொன்னதேதான், அண்ணா. ‘ர’ சிக்கல் ஏழு பெயர்களில் இருந்தது. அப்பா ஒவ்வொரு பெயரையும் படித்து, எந்தத் தெரு, எத்தனை தறி என்று சொல்லிக்கொண்டே திருத்தினார். மூலக் கோப்பு பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது. இந்தச் சனிக்கிழமைக் கூலியைப் புதுப் பட்டியலை வைத்துத்தான் கொடுத்தோம்.