ஐந்து பேர் உள்ள வீடு, சாப்பாட்டுச் செலவு கைமீறுகிறது: எங்கே குறைக்கலாம்?

கோண்டாவில் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் நான், அவர், தரம் 8இலும் 5இலும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், மாமி என்று ஐந்து பேர். அவருக்கு மாதச் சம்பளம், எனக்குத் தையலில் கொஞ்சம் வருமானம். போன மாதம் சாப்பாட்டுச் செலவை மட்டும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். கூட்டிப் பார்த்தால் 78,000 ரூபா. அதில் 17,000 கடைச் சாப்பாடு.

அரிசி, மா, பருப்பு, தூள், பால்மா எல்லாம் அவர் வேலை முடிந்து வரும் வழியில் சுப்பர் மார்க்கட்டில் வாங்குவார். மரக்கறி கிழமைக்கு ஒருமுறை திருநெல்வேலிச் சந்தையில். மீன், சைக்கிளில் வருகிற மீன்காரரிடம். சந்தைக்குப் பட்டியல் எழுதிக்கொண்டுதான் போகிறேன், பட்டியலுக்கு வெளியே ஒன்றும் வாங்குவதில்லை. அப்படியும் குறையவில்லை. மாமிக்குச் சீனி வருத்தம் என்பதால் குத்தரிசியும் குரக்கனும் கட்டாயம் வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளோடு வெளியே போவதை நிறுத்த எனக்கு விருப்பமில்லை. அவர்களுக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு. வேறு எங்கே கை வைக்கலாம்?

மானிப்பாய் தங்கச்சி எழுதியது:

அக்கா, காலைச் சாப்பாட்டையும் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியையும் முதலில் பாருங்கோ. எங்கள் வீட்டில் பாண், பட்டர், ஜாம், சொசேஜ் என்று போனதுதான் கூடுதல் காசு. இப்போது கிழமையில் நாலு நாள் புட்டு அல்லது இடியப்பம். அரிசி மாவை ஞாயிற்றுக்கிழமையே வறுத்து அரித்து வைத்துவிடுவேன். பெட்டிக்குள் கடலையோ பயறோ அவித்துத் தாளித்துப் போட்டால் பிள்ளைகள் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார்கள். கன்ரீனில் றோல்ஸ் வாங்கக் காசு கேட்பதும் குறைந்துவிட்டது.

சங்கக்கடை ஐயா எழுதியது:

பிள்ளை, கொப்பியில் எழுதினது நல்ல வேலை. நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கிளையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாமான் எங்கேயிருந்து வருகிறது, விலை எந்த இடத்தில் ஏறுகிறது என்று பார்த்துப் பழகிய ஆள் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் பட்டியல்தான் எனக்குக் கண்ணில் பட்டது. சுப்பர் மார்க்கட்டுக்குப் பட்டியலோடு போங்கோ, அது சரி. சந்தைக்குப் பட்டியல் வேண்டாம். வீட்டிலிருந்தபடியே கரட், போஞ்சி, லீக்ஸ் என்று எழுதிக்கொண்டு போகிறீர்கள். அதில் பெரும்பாலானது மலைநாட்டில் விளைந்து, தம்புள்ளை மொத்தச் சந்தைக்கு வந்து, அங்கேயிருந்து லொறி ஏறி இங்கே வருகிறது. ஏற்றுக்கூலி, தரகு, வழியில் வாடி அழுகினது எல்லாம் நீங்கள் கொடுக்கிற விலைக்குள் இருக்கிறது. அதே நாளில் கோப்பாய், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் தோட்டங்களில் காலையில் பிடுங்கின கத்தரிக்காயும் பயிற்றங்காயும் உங்களுக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கும். பட்டியலில் இல்லை என்பதால் தாண்டிப் போய்விடுவீர்கள்.

சந்தைக்குள் போனதும் ஒன்றையும் வாங்காமல் ஒரு சுற்று நடந்து பாருங்கோ. நாலைந்து பேர் முன்னால் ஒரே மரக்கறி மலையாகக் கிடந்தால் அதுதான் அன்றைக்கு வாங்க வேண்டியது. என்ன கறி என்பதை வீட்டுக்கு வந்து யோசிக்கலாம். கத்தரிக்காய் மலிந்தால் ஒரு நாள் பால்கறி, ஒரு நாள் பொரித்த குழம்பு, மிச்சத்தைச் சுட்டுச் சம்பல். மரவள்ளி மலிந்தால் அவித்து ஒரு இடிசம்பலோடு இரவுச் சாப்பாடே முடிந்துவிடும். கீரைக்கு மத்தியானத்தை ஒட்டிப் போனால் போதும், வெயில் ஏறினால் வைத்திருக்க முடியாது என்று கட்டின் விலையை இறக்கிக் கொடுப்பார்கள். முருங்கை இலைக்கும் வல்லாரைக்கும் காசு கொடுக்கிறீர்களா? கோண்டாவிலில் வளவு இருந்தால் வேலியோடு ஒரு முருங்கைத் தடி ஊன்றிவிடுங்கோ.

வசதியிருந்தால் மாதத்தில் ஒன்றிரண்டு தடவை விடியவே மருதனார்மடம் அல்லது சுன்னாகம் சந்தைக்குப் போய்வாருங்கோ. அங்கே காலையில் தோட்டக்காரர் மொத்தமாகக் கொடுக்கிற நேரம். தனியே ஐந்து கிலோ வெங்காயம் வேண்டாம் என்றால் பக்கத்து வீட்டோடு சேர்ந்து வாங்கிப் பிரிக்கலாம். வாழைப்பழத்துக்கு நீர்வேலி. முழுக் குலையாக எடுத்து, பழுக்கப் பழுக்கச் சீப்பாக வெட்டுங்கோ. கடைக்காரரும் அங்கேதான் வாங்குகிறார்.

அரிசி. மாமிக்குக் குத்தரிசி வேண்டும் என்கிறீர்கள், இரண்டு கிலோ பக்கெட்டாக வாங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்து வயலில் காலபோகம் ஒன்றுதான், தை, மாசியில் அறுவடை. அந்த நேரத்தில் தென்மராட்சியிலோ கிளிநொச்சிப் பக்கமோ தெரிந்தவர் மூலம் நெல்லாக வாங்கினால் வருடத்திலேயே குறைந்த விலை. 100 கிலோ நெல் குத்தினால் 65 கிலோ அளவில் அரிசி எதிர்பார்க்கலாம். அதை வைத்துக் கணக்குப் போடுங்கோ: நெல் விலை, அவிக்கிற விறகு, மில் கூலி, ஏற்றி இறக்கினது எல்லாம் கூட்டி 65ஆல் பிரித்துப் பாருங்கோ, கடை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். தவிடு கோழிக்கு. அவித்துக் காயவிட இடமில்லாதவர்கள் குத்தின அரிசியையே மில்லில் மூடையாக எடுக்கலாம், அதுவும் பக்கெட்டை விட மலிவு. கடையில்தான் வாங்குவதென்றால் கட்டுப்பாட்டு விலையைத் தெரிந்துகொண்டு போங்கோ. 2024 டிசம்பரில் வந்த வர்த்தமானியில் நாட்டரிசி 230, சம்பா 240, கீரிச்சம்பா 260 என்று கிலோவுக்கு உச்ச விலை போட்டார்கள். இப்போது நடைமுறையில் உள்ள விலையைப் பார்த்துக்கொள்ளுங்கோ. அதற்கு மேல் கேட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யலாம். யாரோ சொல்வார்கள் என்று விடவேண்டாம்.

தூளை வாங்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். என் மனைவி போடுகிற அளவு: செத்தல் மிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒரு கிலோ, பெருஞ்சீரகம் 250 கிராம், நற்சீரகம் 100, மிளகு 100, வெந்தயம் 50, மஞ்சள் 50, இரண்டு கை கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். மிளகாய் கறுக்கக் கூடாது, மல்லி மணம் வந்ததும் இறக்கிவிட வேண்டும், வெந்தயத்தைக் கடைசியில் போட்டு உடனே எடுக்காவிட்டால் முழுத் தூளும் கசக்கும். மில்லில் அரைத்து, சூடு போகும் வரை பேப்பரில் பரப்பி ஆறவிட்டு, காற்றுப் போகாத போத்தலில் அடையுங்கோ. சூட்டோடு அடைத்தால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நல்ல தூள் என்றால் கறிக்குக் குறைவாகப் போட்டாலே போதும். மரக்கறி மட்டும் வைக்கிற நாளிலும் பிள்ளைகள் வாயைச் சுளிக்காமல் சாப்பிடுவார்கள்.

தேங்காய் இப்போது ஒரு வீட்டின் கணக்கையே மாற்றுகிற சாமான். பளை, சாவகச்சேரிப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி உரிக்காத தேங்காயாக எடுப்பியுங்கோ. உரிக்காமல் நிழலில் வைத்தால் நெடுநாள் இருக்கும். பொச்சும் சிரட்டையும் அடுப்புக்கு. 2022இல் காஸ் இல்லாமல் தவித்தபோது எல்லோரும் விறகடுப்புக் கட்டினோம்; பலர் பிறகு அதை இடித்துவிட்டார்கள். சோறும் கடலையும் அவிக்க அந்த அடுப்பு இருந்தால் 12.5 கிலோ சிலிண்டர் எவ்வளவோ நாள் கூட நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விலை குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள், உங்கள் வீட்டுச் செலவு மட்டும் ஏன் குறையவில்லை என்று நினைத்து உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம், அதாவது ஒரு வருடத்தில் சாப்பாட்டுச் சாமான் விலை ஏறின அளவு, 94.9 வீதம். அதற்குப் பிறகு ஏறுகிற வேகம் குறைந்தது, இடையில் கொஞ்சம் இறங்கவும் செய்தது. ஏறின விலை பெரும்பாலும் ஏறின இடத்திலேயே நிற்கிறது, சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. குறை உங்கள் சமையலில் இல்லை.

கோண்டாவில் அம்மா எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. பட்டியலைப் பற்றி இதுவரை ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. தூள் இந்த மாதமே போடுகிறேன். மீனைப் பற்றியும் சொல்லுங்கோ. பிள்ளைகள் மீன் இல்லாமல் சோறு சாப்பிடமாட்டார்கள். விளைமீன், பாரை வாங்கக் கட்டுப்படியாகவில்லை. சனிக்கிழமைக்கும் ஒரு வழி சொன்னால் நல்லது.

சங்கக்கடை ஐயா எழுதியது:

மீனை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் வெயிலில் சைக்கிள் மிதிக்கிறார், அவர் உழைப்புக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஞாயிறு காலையில் அவரை விட்டுவிட்டு நீங்களே பாசையூர் அல்லது குருநகர் சந்தைக்குப் போய்வாருங்கோ. நண்டு, இறால், கணவாய் மூன்றையும் கொம்பனிக்காரர் ஏற்றுமதிக்கு எடுக்கிறார்கள், பெரிய மீன் கொழும்புக்குப் போகிறது. அந்த விலையோடு நாங்கள் போட்டி போட முடியாது. சூடை, சாளை, கீரி, சின்னத் திரளி என்று கூறு போட்டு வைத்திருப்பார்கள், அதைப் பாருங்கோ. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும், வயிறு அமுக்கினால் நசியக் கூடாது.

சூடை வாங்கினால் அன்றைக்கு ஒரு பங்கைப் பொரித்துவிட்டு, மிச்சத்தைத் தீயல் வையுங்கோ. மண்சட்டியில் மீனை அடுக்கி, தூள், உப்பு, கொஞ்சம் மிளகு, கெட்டிப் புளிக்கரைசல், கறிவேப்பிலை. தேங்காய்ப்பால் வேண்டாம். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஆட்டி ஆட்டி வற்றவிட வேண்டும். அடியில் எண்ணெய் பிரிந்து மினுங்கும்போது இறக்கினால் அடுத்த நாளும் கெடாது, இன்னும் ருசியாக இருக்கும். முள்ளு மெதுமையாகிவிடுவதால் சின்னப் பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

பௌர்ணமியை ஒட்டின நாட்களில் மீன் குறைவு என்று கடற்கரையில் சொல்வார்கள், அந்த நாட்களில் முட்டையோ பருப்போ சமைக்கலாம். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறி 25 நாளும் யாழ்ப்பாணத்தில் பாதிப் பேர் மச்சம் (மீன், இறைச்சி) விட்டுவிடுவதால் மரக்கறி விலை ஏறும், மீன் இறங்கும். விரதம் இல்லாத வீட்டுக்கு அது நல்ல காலம். ஆட்டிறைச்சி கடையில் வேண்டாம். அயலில் யாராவது ஆடு அடித்துப் பங்கு போட்டால் ஒரு பங்குக்குச் சொல்லி வையுங்கோ. எலும்பு, ஈரல் எல்லாம் எல்லாப் பங்கிலும் விழும்படி பிரிப்பார்கள், கடையில் கிலோவுக்குக் கொடுப்பதை விடக் குறைவாக முடியும்.

சனிக்கிழமைக்கு இளம் ஆட்கள் சொல்லட்டும்.

பரமேஸ்வராச் சந்திப் பெடியன் எழுதியது:

அன்ரி, நான் கம்பஸில் படிக்கிறேன், வெளியே சாப்பிட்டே காலம் ஓட்டுகிறவன். ஏசி போட்ட இடத்துக்குப் போகுமுன் மெனுவின் அடியில் பாருங்கோ. 10 வீதம் சேவைக் கட்டணம், 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரி இரண்டும் தனியே சேர்ப்பார்கள் என்றால், 5,000 ரூபாச் சாப்பாட்டுக்கு 6,400க்குக் குறையாமல் பில் வரும். பதிவு இல்லாத சின்னக் கடைகளில் இந்தப் பிரச்சினை இல்லை. கொத்து ரொட்டி ஆளுக்கொன்று வேண்டாம், பெரியவர் இருவருக்கு ஒன்று போதும். சோடாவைக் கடையில் வாங்காமல் வீட்டிலிருந்து தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கோ.

திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்துக்குப் பக்கத்தில் அம்மாச்சி உணவகம் இருக்கிறது. பெண்கள் சேர்ந்து நடத்துகிறார்கள், கண் முன்னாலேயே தோசையும் அப்பமும் சுட்டுத் தருவார்கள். குரக்கன் பலகாரமும் இருப்பதால் உங்கள் மாமியையும் கூட்டிப்போகலாம். ஐந்து பேர் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் பெரிய கடையில் ஒரு ஆளுக்கு வருகிற பில்லை ஒட்டித்தான் வரும்.

கோண்டாவில் அம்மா எழுதியது:

தம்பி, அம்மாச்சிக்கு இந்தச் சனிக்கிழமையே போகிறோம். எனக்கும் ஒன்று தோன்றுகிறது. இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போவதால்தான் பில் ஏறுகிறது. ஆறு மணிக்கு வீட்டில் புட்டைச் சாப்பிட்டுவிட்டு, நல்லூர்க் கோயிலைக் கும்பிட்டு, பின்னால் உள்ள ஐஸ்கிறீம் கடைக்குப் போனால் பிள்ளைகளுக்கு அதே சந்தோசம்தான். மாதத்தில் ஒரு சனி மட்டும் கொத்து. அவர்களிடமே கேட்டேன், மகள் ஐஸ்கிறீம் என்றால் சரி என்கிறாள். மகனுக்குக் கொத்து மாதம் இரண்டு தரம் வேண்டுமாம், பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஐயா, தூள் அரைக்க எந்த மில்லுக்குப் போவது நல்லது? நாங்கள் இருக்கிற இடத்துக்குக் கிட்ட இரண்டு இருக்கின்றன.

சங்கக்கடை ஐயா எழுதியது:

எதுவாக இருந்தாலும் சரி பிள்ளை, தூளுக்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கோ. மா அரைக்கிற அதே இயந்திரம் என்றால் உங்கள் தூளில் மா கலக்கும், அடுத்தவர் மாவில் உறைப்பு ஏறும். ஞாயிறு சனம் கூட, வார நாளில் காலை பத்து மணிக்குப் பிறகு போங்கோ. மிளகாயை முதல் நாள் நல்ல வெயிலில் போட்டு முறுக்கிக்கொண்டு போனால் ஒரே தரத்தில் அரைபட்டுவிடும்.