ரீஃப்ளோவபிள் மின்னூல்: ‘நெகிழ்பக்கம்’ என்று சொல்லலாமா?

வணக்கம்.

ரீஃப்ளோவபிள் மின்னூலுக்கு, அதாவது திரைக்கும் எழுத்தின் அளவுக்கும் ஏற்ப வரிகள் மறுபடி அமையும் மின்னூலுக்கு, ‘தகவமை நூல்’ என்பதே போதும் என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரெஸ்பான்சிவ் வலைப்பக்கத்துக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் 2010-இல் அந்த முறைக்குப் பெயர் வைத்தபோது சொன்னது வேறு: திரையின் அகலத்தைப் பார்த்து, மூன்று நெடும்பத்தியாக (காலம்) இருந்த பக்கம் ஒரே நெடும்பத்தியாக மாறுவது. ஈபப் என்ற மின்னூல் வடிவத்தில் வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் மறுபடி உடைந்து, பக்க எண்ணிக்கையே மாறிவிடுகிறது. எஸ்விஜி படம், அதாவது கோடுகளையும் வடிவங்களையும் கணக்காக எழுதி வரையும் வெக்டர் படம், மூன்றாவது ரகம். அதன் வரைபரப்பைச் சொல்லும் வியூபாக்ஸில் 0 0 600 400 என்று கொடுத்துவிட்டால் கோடும் எழுத்தும் ஒரே விகிதத்தில் சேர்ந்து சுருங்கும். 6 அங்குலத் திரையில் வரைபடத்தின் ஊர்ப்பெயர்கள் படிக்க முடியாமல் போவது இதனால்தான். மூன்றையும் ‘தகவமை’ என்றால், கோளாறு எதில் என்று எப்படிச் சொல்வது?

ரீஃப்ளோவுக்கு ‘மீள்பாய்வு’ என்பது ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. கேட்டதும் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது.

என் பரிந்துரை ‘நெகிழ்பக்கம்’. 2023-இல், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்த ஈபப் 3.3-இல் பக்க அமைப்புக்கு இரண்டே மதிப்புகள்: ரீஃப்ளோவபிள், ப்ரீ-பேஜினேட்டட் (பக்கங்கள் முன்பே வகுக்கப்பட்டு மாறாமல் இருப்பது). இரண்டாவதை ‘நிலைப்பக்கம்’ என்றால் சோடி சேர்ந்துவிடும். நாவல் நெகிழ்பக்கம், குழந்தைகளுக்கான படக்கதை நிலைப்பக்கம். ‘நெகிழ்வரி’ என்றும் யோசித்தேன். ஆனால் வரி என்றதும் பலருக்கு வருமான வரிதான் தோன்றும், வேண்டாம்.

சொல் நிற்குமா என்று பார்க்கக் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலடியில் நான்கு சீர், அடுத்ததில் மூன்று. சின்னத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் நான்காம் சீர் தனியாகக் கீழே விழுந்துவிடும். அடி முடிந்ததா, இடம் போதாமல் உடைந்ததா என்று வாசகருக்குத் தெரியாது, இரண்டடிப் பாட்டு மூன்றடியாகத் தோன்றும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒவ்வோர் அடிக்கும் இடப்பக்கம் 2 எம் (எழுத்தளவைப் போல் இரு மடங்கு) பேடிங், அதாவது உள்ளிடைவெளி, கொடுத்து, முதல் வரியின் தள்ளலான டெக்ஸ்ட்-இண்டென்ட்டை −2 எம் ஆக்கினால் போதும்; விழுந்த சீர் உள்ளே தள்ளி நிற்கும், அடியின் தொடக்கம் மட்டும் ஓரத்தில் இருக்கும். தமிழ் மின்னூல் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன். இந்தக் குறிப்பை எழுதும்போது ‘பக்கம் நெகிழட்டும், அடி குலையக் கூடாது’ என்று எளிதாகச் சொல்ல முடிகிறது. மீள்பாய்வை வைத்து இதைச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், எஸ்விஜியில் வரும் வெக்டருக்குத் தமிழ்நாட்டில் ‘திசையன்’, இலங்கைப் பாடநூல்களில் ‘காவி’. எஸ்விஜியின் பெயரை முடிவு செய்யும்முன் இலங்கை நண்பர்களும் பேச வேண்டும், அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். நெகிழ்பக்கத்துக்கு மறுப்பு இருந்தால், உங்கள் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள்.