புதுப்பிப்பு: மெதுவாக இழுத்தால் பிளேடு சுழலாத பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: கலங்கிய நீரில் மீன் பிடிக்க ஜிக்கை (கனமான தலை கொண்ட தூண்டில் முள்) மெதுவாக இழுக்கும்போது அதன் அடியில் மாட்டிய வில்லோ லீஃப் பிளேடு (ஒடுங்கிய இலை வடிவ உலோகத் தகடு) சரியாகச் சுழலவில்லை, எந்த வடிவத்துக்கு மாறலாம் என்று கேட்டிருந்தேன்.

கொலராடோ என்ற பிளேடு வடிவத்துக்கு மாறச் சொன்ன யோசனைதான் பலித்தது. வட்டமாகவும் குழிவாகவும் இருப்பதால் அது தண்ணீரை நன்றாகப் பிடித்து, அகலமாகச் சுற்றுகிறது. ரீலை மிக மெதுவாகச் சுற்றினாலும் அதிர்வு கையில் தெரிகிறது. கலங்கலில் பளபளப்பு தூரம் போகாது. மீன் தன் பக்கக்கோட்டால் (உடலின் பக்கவாட்டில் நீரின் அசைவை உணரும் உறுப்பு) அதிர்வை உணர்ந்துதான் வருகிறது.

பிளேடு எளிதாகச் சுழல உதவும் பால் பேரிங் ஸ்விவல் என்ற இணைப்பைப் போடச் சொன்னதும் நல்ல யோசனை. அதில் பழைய வில்லோவையும் மாட்டிப் பார்த்தேன். முன்பைவிடப் பரவாயில்லை, ஆனால் அதற்கு இன்னும் வேகம் வேண்டும். ஆக, வடிவம்தான் முக்கியம்.

எதிர்பாராதது ஒன்று: பிளேடை மாற்றியதும் ஜிக் மேலே ஏறி ஓட ஆரம்பித்தது. கொலராடோ தூக்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லையே! கொஞ்சம் கனமான ஜிக் தலைக்கு மாறிய பிறகுதான் அடியை ஒட்டி வந்தது. அதே வடிவத்தில் சிறிய பிளேடு போட்டாலும் தூக்கல் குறையும், ஆனால் அதிர்வும் சேர்ந்து குறையும்.

இண்டியானா என்ற பிளேடு வடிவம் கொலராடோ, வில்லோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நீர் லேசாகக் கலங்கியிருந்தால் அதுவே போதும். வில்லோவைத் தூக்கிப் போடவில்லை. தெளிந்த நீரில் வேகமாக இழுக்க அதுதான் சரி.