லோக்கல் டிம்மிங்: ‘ஒளிப்பாத்தி’ சரிவருமா?

தொண்டியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

குறைந்த செலவில் பெரிய திரை டிவி வாங்குவோருக்கு, நம் கடற்கரை ஊர் நூலகங்களில் வைக்கும்படி நான்கு பக்கக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். 43 அங்குலம் முதல் 65 அங்குலம் வரை. பின்னொளி, படப்புள்ளி, தெளிவுத்திறன், மாறுபாட்டு விகிதம் என்று பெரும்பாலானவற்றுக்குச் சொல் அமைந்துவிட்டது. ‘லோக்கல் டிம்மிங்’ மட்டும் நிற்கிறது. தானியங்கி மொழிபெயர்ப்பு ‘உள்ளூர் மங்கல்’ என்கிறது. அதை அச்சில் ஏற்ற முடியாது.

பொருள் இதுதான். எல்சிடி திரை தானாக ஒளிராது. பின்னால் எல்இடி விளக்குகள் எரிகின்றன, முன்னால் உள்ள படப்புள்ளிகள் கதவுபோல் திறந்து மூடி அந்த ஒளியை அளந்து விடுகின்றன. கதவு முழுதாக மூடுவதில்லை. அதனால்தான் இரவுக் காட்சியில் கறுப்பு, சாம்பலாகத் தெரிகிறது. பின்னால் உள்ள விளக்குகளையே கூறுகூறாகப் பிரித்து, படம் இருட்டாக உள்ள இடத்தில் மட்டும் தணித்தால் கறுப்பு கறுப்பாக வரும். இதற்குத்தான் சொல் வேண்டும். கைவசம் இருப்பவை: ‘பகுதி ஒளிக்குறைப்பு’, ‘வட்டார ஒளியடக்கம்’.

கீழக்கரையிலிருந்து:

தம்பி, இரண்டும் கடையில் நிற்காது.

‘ஒளிக்குறைப்பு’ என்று படித்துவிட்டு வருபவர் வெளிச்சம் குறைந்த டிவி என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘மங்கல்’ அதைவிட மோசம்; ‘படம் மங்கலா இருக்கு’ என்பது பழுதைச் சொல்லும் வாக்கியம். ‘அடக்கம்’ என்றால் நம் பக்கம் மையவாடிதான் (இடுகாடு) முதலில் நினைவுக்கு வரும். பொருளும் பொருந்தவில்லை. இருண்ட இடத்தில் மிச்சமாகும் மின்சாரத்தை வெளிச்சமான இடத்துக்குத் திருப்பி, அந்த இடத்தை இன்னும் கூட்டிக் காட்டும் டிவிகள் உண்டு. ஆகவே இது குறைப்பது மட்டும் இல்லை, கூட்டுவதும்தான்.

வாங்குபவருக்கு உண்மையில் தேவை ஓர் எண். பின்னொளி எத்தனை கூறாகப் பிரிந்திருக்கிறது? அந்த எண்ணை மறைக்கத்தான் அட்டையில் ‘மைக்ரோ டிம்மிங்’ போன்ற பெயர்கள் அச்சாகின்றன. இவற்றில் பல, பின்னொளியைத் தொடுவதே இல்லை. படத்தின் கறுப்பை மென்பொருளால் கொஞ்சம் அழுத்திக் காட்டுவதோடு சரி. ‘மைக்ரோ டிம்மிங் இருக்கா?’ என்று கேட்டால் கடைக்காரர் ‘இருக்கு’ என்பார், அது பொய்யும் ஆகாது. எனவே செயலுக்குப் பெயர் வைப்பதை விட்டுவிட்டுக் கூறுக்குப் பெயர் வையுங்கள். ‘எத்தனை?’ என்ற கேள்வி அதன் முன்னால் ஒட்ட வேண்டும்.

பின்னொளி வகைகளையும் பிரித்தே எழுதுங்கள். விளக்குகள் சட்டத்தின் ஓரத்தில் மட்டும் இருந்து, ஒளியைப் பரப்பும் தகடு வழியாகத் திரைக்கு வருவது ஒன்று. திரைக்கு நேர் பின்னால் பட்டை பட்டையாக இருந்தும், எல்லாம் சேர்ந்தே கூடிக் குறைவது இன்னொன்று. விலை குறைந்த 43, 50, 55 அங்குல டிவிகளில் பெரும்பாலும் இதுதான். நேர் பின்னால் இருந்து, கூறுகூறாகத் தனித்தனியே இயங்குவது மூன்றாவது. மினி எல்இடி என்பது இந்த மூன்றாவதிலேயே விளக்குகள் சிறுத்துக் கூறுகள் பெருகிய வகை.

வாலிநோக்கத்திலிருந்து:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) கேட்கும் சொல் இங்கே வழக்கில் இருக்கிறது: பாத்தி.

உப்பளத்தில் ஒவ்வொரு பாத்திக்கும் தனி வரப்பு, தனி மடை. ஒன்றுக்கு நீர் கட்ட அதன் மடையைத் திறந்தால் போதும், பக்கத்துப் பாத்தி இருந்தபடியே இருக்கும். இந்தப் பின்னொளியும் அப்படித்தான் வேலை செய்கிறது. ‘ஒளிப்பாத்தி’ என்று வைத்தால் ‘எத்தனை ஒளிப்பாத்தி?’ என்று நேராகக் கேட்கலாம். உப்பளம் தெரியாத ஊரிலும் கீரைப்பாத்தி தெரியும், ஆகவே இது கடற்கரைக்கு மட்டும் உரிய சொல் என்று யாரும் தள்ள மாட்டார்கள்.

கிளைச்சொற்களும் வரும். ஓரப் பின்னொளி, நேர்ப் பின்னொளி, பாத்திப் பின்னொளி. செயலைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பாத்தித் தணிப்பு’. திரை முழுவதும் ஒன்றாகக் கூடிக் குறைவது ‘முழுத்திரைத் தணிப்பு’.

மண்டபத்திலிருந்து:

சொல் பிடித்திருக்கிறது. ஏற்கும் முன் இரண்டு தடைகளைத் தீர்க்க வேண்டும்.

ஒன்று எழுத்துப்பிழை. ‘பாத்தி’யில் ஒரு கால் விடுபட்டால் ‘பத்தி’ ஆகிவிடும். பத்தி என்றால் நெடுவரிசை. ஓரப் பின்னொளியிலும் தணிப்பு வைக்கிறார்கள், அதன் கூறுகள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக நெடுவரிசையாகவே அமைகின்றன. பிழை நேர்ந்தால் அதுவும் பொருளோடு இருக்கும், படிப்பவர் பிழை என்று கண்டுபிடிக்கவே மாட்டார். ஆகவே ஓரப் பின்னொளியின் கூறுக்கு ‘பட்டை’ என்று வேறு சொல் கொடுத்துவிடுங்கள். ‘16 பட்டை’ வேறு, ‘16 பாத்தி’ வேறு என்பது அப்போதுதான் பதியும். 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 செ.மீ., உயரம் 68.5 செ.மீ. பதினாறு பட்டை என்றால் ஒவ்வொன்றும் ஏழரை செ.மீ. அகலத்தில் திரையின் முழு உயரத்துக்கும் நிற்கும். இருட்டில் ஒரு நிலா தெரிந்தால் அதன் மேலும் கீழும் உள்ள வானமும் சேர்ந்து வெளுக்கும்.

மற்றது அளவு. பாத்தி என்ற சொல் மிக நுட்பமான பிரிவு என்ற எண்ணத்தைத் தந்துவிடக் கூடாது. 4கே திரையில் 3840 × 2160, அதாவது 82,94,400 படப்புள்ளிகள். அதே 55 அங்குலத் திரையில் 200 பாத்தி இருந்தாலும் ஒரு பாத்தி ஆறரை செ.மீ. சதுரம், அதற்குள் சுமார் 41,000 புள்ளிகள். கறுப்பு வானத்தில் ஒரு விண்மீனுக்காக அந்தச் சதுரம் முழுவதும் எரிய வேண்டும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைகிறது, அங்கே பாத்திக்கு வேலையே இல்லை. அதைக் கையேட்டில் ‘தன்னொளிர் திரை’ என்று தனியாக வையுங்கள். விலை நம் வரம்பைத் தாண்டும் என்பதோடு, நாள் முழுவதும் செய்திச் சேனல் ஓடும் வீட்டில் சேனல் முத்திரையும் கீழே ஓடும் பட்டையும் திரையில் தழும்பாகப் பதியக்கூடும் என்பதையும் எழுத வேண்டும்.

தேவிபட்டினத்திலிருந்து:

மண்டபத்து அக்கா சொன்ன விண்மீனைச் சுற்றி வரும் வெளிறலுக்கும் சொல் வேண்டும். ‘ஒளிவட்டம்’ என்றால் சாமி படத்துக்குப் போய்விடும். ‘படரொளி’ என்று வைக்கலாம். திரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் வெளிச்சம் பிதுங்குவது ‘ஓரக்கசிவு’. இந்த இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும், உத்தரவாதம் கேட்கப் போகும்போது இது முக்கியம். படரொளி படத்தோடு சேர்ந்து நகரும். அது அந்த வகைப் பின்னொளியின் இயல்பு. ஓரக்கசிவு எந்தப் படம் ஓடினாலும் ஒரே இடத்தில் நிற்கும். அதிகமாக இருந்தால் பெட்டி பிரித்த முதல் வாரத்திலேயே படம் எடுத்துக் காட்டி மாற்றிக் கேட்க வேண்டும்.

பாத்தி இருக்கிறதா என்று கடையிலேயே சோதிக்கலாம். கறுப்புத் திரையில் சிறிய வெள்ளைச் சதுரம் ஒன்று மெதுவாக நகரும் காணொளியைப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். கடை மோடில் இருக்கும் டிவியை வீட்டு மோடுக்கு மாற்றச் சொல்லி, பட அமைப்பில் லோக்கல் டிம்மிங்கை ‘ஹை’யில் வைத்து ஓட்டுங்கள். சில டிவிகளில் ‘விவிட்’ போன்ற சில பட முறைகளில் மட்டுமே அந்த வரி தெரியும். கடை விளக்கை அணைக்க முடியாவிட்டால் அதன் வெளிச்சம் திரையில் படாமல் கையால் மறைத்துப் பாருங்கள்.

சதுரம் எங்கே போனாலும் திரை முழுவதும் ஒரே சாம்பலாக இருந்தால் பாத்தி இல்லை. சதுரத்தோடு ஒரு நெடும்பட்டை நகர்ந்தால் ஓரப் பின்னொளி. சதுரத்தைச் சுற்றி ஒரு வெளிறல் கட்டம் கட்டமாகத் தாவினால் பாத்திப் பின்னொளி. எத்தனை தாவலில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போகிறது என்று எண்ணி, ஒன்று கூட்டினால் குறுக்குவாட்டுப் பாத்திக் கணக்கு கிடைக்கும், நெடுக்குவாட்டிலும் அப்படியே எண்ணிப் பெருக்கிக்கொள்ளலாம்.

வெறும் கறுப்புப் படத்தை மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். திரை முழுவதும் கறுப்பானதும் மொத்த விளக்கையும் அணைத்துவிடும் டிவிகள் உண்டு. பாத்தியே இல்லாத பெட்டி ஓஎல்இடி மாதிரி தெரியும். மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளியாவது இருந்தால்தான் உண்மை வெளிவரும். போனில் படம் எடுத்தால் எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் ஒளியளவை) மாறாமல் பூட்டிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் போன் இருட்டைத் தானே கூட்டி, சிறு படரொளியையும் பெரிதாக்கிக் காட்டும்.

கீழக்கரையிலிருந்து:

‘ஒளிப்பாத்தி’க்கு என் முழுச் சம்மதம். ஆனால் கையேட்டில் அதற்கு எந்த இடம் என்பதில் கவனம் வேண்டும்.

காற்றுக்காகப் பகலில் வாசலும் சன்னலும் திறந்து கிடக்கும் கூடம் நம் வீடுகளில் அதிகம். அங்கே பகலில் பார்ப்பவருக்குப் பாத்தியால் பயன் குறைவு. வெளியிலிருந்து வரும் வெளிச்சமே கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். அவருக்குத் தேவை திரையின் மொத்த ஒளிர்வு. விலை குறைந்த டிவிகள் பெரும்பாலும் 250 முதல் 350 நிட் (ஒளிர்வை அளக்கும் அலகு) வரைதான் தருகின்றன, சன்னலுக்கு எதிரே மாட்டினால் அது போதாது. இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கும் வீட்டுக்குத்தான் பாத்தி எண்ணிக்கை முதலில் வர வேண்டும். எச்டிஆர் (மிகுந்த வெளிச்சமும் ஆழ்ந்த இருட்டும் சேர்ந்து வரும் பட வகை) என்று அட்டையில் இருப்பதை வைத்தும் ஏமாறக் கூடாது. 300 நிட் பெட்டியும் எச்டிஆர் படத்தை வாங்கிக்கொள்ளும். அதற்குரிய வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே நேரத்தில் காட்ட, பாத்தியும் வேண்டும், 600 நிட்டாவது வேண்டும்.

பாத்திப் பின்னொளிக்குக் காசு எட்டாதவர் பேனல் (படப்புள்ளிகள் உள்ள முன்தகடு) என்ன வகை என்று பார்த்து வாங்கட்டும். விஏ வகைப் பேனலின் மாறுபாட்டு விகிதம் (கறுப்பைவிட வெள்ளை எத்தனை மடங்கு ஒளிர்கிறது என்பது) பொதுவாக 3000:1-க்கு மேல், ஐபிஎஸ் வகையில் 1000:1 அளவு. பாத்தி இல்லாத பெட்டியில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். கூடத்தின் பக்கவாட்டிலும் ஆட்கள் உட்கார்ந்து பார்க்கும் வீடு என்றால் மட்டும் ஐபிஎஸ். விஏ பக்கத்திலிருந்து வெளிறும். ஒரே வரிசை டிவியில்கூட அளவு மாறினால் பேனல் மாறலாம், 55 அங்குலத்துக்குப் படித்த விமரிசனத்தை நம்பி 50 வாங்கக் கூடாது. முழு மாடல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும்.

விலைப் பகுதியில் ஒரு திருத்தம்: 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது 2025 செப்டம்பர் 22 முதல். பழைய விலைப்பட்டியலை ஒப்பிட்டு எழுதியிருந்தால் மாற்றுங்கள்.

பாம்பனிலிருந்து:

பின்னொளி பற்றிய பக்கத்தில் உப்புக்காற்றையும் சேர்க்க வேண்டுகிறேன், நம் பகுதியில் இந்த இரண்டையும் பிரித்துப் பேச முடியாது.

விலை குறைந்த நேர்ப் பின்னொளியில் எல்இடிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று அறுந்தால் அந்தத் தொடர் முழுவதும் போகும், பல பெட்டிகளில் பாதுகாப்புச் சுற்று மொத்த விளக்கையும் நிறுத்திவிடும். ‘சத்தம் வருது, படம் வரல’ என்பது பெரும்பாலும் இதுதான். இருட்டில் திரையை ஒட்டி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே படம் லேசாக அசைவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பின்னொளிதான் போயிருக்கிறது. எல்இடி பட்டைகளை மாற்றினால் சரியாகும். பேனல் மாற்ற வேண்டும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள், பேனல் விலை புது டிவி விலையை நெருங்கும். பட அமைப்பில் பின்னொளியை நூறிலேயே வைத்து ஓட்டினால் விளக்கு சூடேறி ஆயுள் குறைகிறது. இரவில் 60, 70 போதும்.

உப்பு ஈரம் முதலில் பிடிப்பது பேனலின் மெல்லிய நாடாக் கேபிள்களையும் அவற்றின் இணைப்பான்களையும். பச்சைப் பூத்து, திரையில் கோடு விழும். தினமும் ஓடும் டிவி தன் சூட்டிலேயே ஓரளவு உலர்ந்துகொள்ளும். ஆள் வெளிநாட்டில் இருக்க மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டு டிவிதான் சீக்கிரம் பழுதாகிறது. சாவி வைத்திருக்கும் உறவினர் வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் ஓட விடட்டும். கடல் பார்த்த சன்னலுக்கு எதிரிலும், மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரிலும் மாட்டக் கூடாது. துடைக்கும் நீர்மத்தைத் திரையில் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும், வழிந்தால் கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கி அந்த நாடாக்களைத்தான் நனைக்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, டிஷ் கேபிளையும் கழற்ற வேண்டும்.

தொண்டியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. கையேட்டில் ஏறும் வடிவம்:

‘ஒளிப்பாத்தி: திரையின் பின்னொளியில் தனியே கூடவும் தணியவும் கூடிய ஒரு கூறு. கடையில் “லோக்கல் டிம்மிங் இருக்கிறதா?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “எத்தனை ஸோன்? நேர்ப் பின்னொளியா, ஓரப் பின்னொளியா?” என்று கேளுங்கள். எண் சொல்ல முடியாவிட்டால் பென் டிரைவ் சோதனை செய்யுங்கள். பாத்தி இல்லையென்றால், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் விஏ பேனலும் ஒளிர்வு மிகுந்த திரையும் தேடுங்கள்.’

கடைக்காரரிடம் கேட்கும் வாக்கியத்தில் மட்டும் பாத்தியை ‘ஸோன்’ என்றே விட்டிருக்கிறேன், அவருக்கு அதுதான் புரியும். மற்ற இடங்களில் பாத்தி, பட்டை, படரொளி, ஓரக்கசிவு. ‘நிட்’ அளவை அலகு, அப்படியே இருக்கட்டும்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. கிரிக்கெட்டில் கேமரா பச்சை மைதானத்தின் மேல் நகரும்போது திரையில் அழுக்குப் போல நிற்கும் கறைகளுக்கு ‘திட்டு’ என்று எழுதியிருக்கிறேன். மணல்திட்டோடு குழம்பும் என்று நினைப்பவர்கள் தனி மடலில் எழுதுங்கள்.